ராத்திரி மாத்திரை

பிப்ரவரி 4

ஒலிபெருக்கி அக்காவுக்கு,

நீ போனைப் பாதியில் வைத்துவிட்டதால் எழுதுகிறேன். நீ பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை என்பது உண்மை. புரிந்ததுபோல "ம்" கொட்டியதும் உண்மை. பேருந்து நிலையத்தில் உன் குரலைக் கேட்டு எத்தனை ஆயிரம் பேர் சரியான வண்டியில் ஏறியிருப்பார்கள்! அந்த நாக்கு இப்படிப் பின்னிக்கொள்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இனிமேல் எழுதியே பேசுவோம். எழுத்தில் நீ குழறாமல் என்னைத் திட்டலாம்.

விஷயம் இதுதான். மருந்து ஆய்வில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். உன் ஊர் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்திருக்கும் அதே ஆய்வு. அப்பாவைப் படுக்கையில் தள்ளி, உன் நாக்கையும் என் கால்களையும் பிடித்திருக்கிற நோய்க்கு முதல்முறையாக ஒரு மாத்திரை. ஆய்வு நர்ஸ் பொறுமையாகத்தான் விளக்கினார். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, மீதிப் பேருக்குப் பார்க்க அதேபோல இருக்கும் வெறும் மாவு மாத்திரை.

"எனக்கு எதும்மா வந்திருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாது சார், டாக்டருக்கும் தெரியாது. எல்லாம் கம்ப்யூட்டர் பிரிச்சது."

"அப்போ நான் யாரைப் போய்ப் பிடிக்கிறது?"

அவர் சிரிக்கவில்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு. வெளியே வந்தபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாவாக இருந்தால் எதற்கு நம்புவது? மருந்தாக இருந்தால் நம்பாமல் தின்றாலும் வேலை செய்யுமா?

என் கால்களைப் பற்றிக் கேட்பாய். மாடிப்படிதான் எதிரி. ஓட்டுநர் பள்ளியில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. கற்றுக்கொள்ள வருகிறவர் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிக்கும் அளவுக்கு வலது காலில் தெம்பு இருக்கிறது. நேற்று ஒரு அம்மா லாரியின் பின்னால் போய் இடிக்கப் பார்த்தார். நான் சத்தமில்லாமல் மிதித்தேன். "பார்த்தீங்களா சார், எப்படி நிறுத்தினேன்!" என்றார். "பிரமாதம்மா" என்றேன். நான் மிதித்ததைச் சொன்னால் அவர் அடுத்த நாள் வண்டியைத் தொடமாட்டார்.

காலை இழுத்துக்கொண்டே,
உன் தம்பி பிரேக்கு


பிப்ரவரி 13

தம்பி பிரேக்குக்கு,

உன் கையெழுத்தைப் படிப்பதற்கு என் குழறல் பேச்சே தேவலாம். இருந்தாலும் இரண்டு முறை படித்தேன், சந்தோஷமாக இருந்தது.

எனக்கு இப்போது நிலையத்தில் மைக் இல்லை. கால அட்டவணைப் பிரிவில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒலிபெருக்கியில் நான்தான் பேசுகிறேன். நல்ல காலத்தில் பதிவு செய்து வைத்ததைப் போடுகிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிடும்போது என் குரல் மேலேயிருந்து "பயணிகள் கவனத்திற்கு" என்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

மாவைப் பற்றிக் கேட்டாயே, நானும் எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மாவு சாப்பிடறவங்க இல்லேன்னா, மருந்து சாப்பிட்டவங்க மருந்தாலதான் தேறினாங்களா, தானா தேறினாங்களான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். அறையில் இருந்தவரை புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் குழம்பிவிட்டது.

ஆனால் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நிச்சயமாகத் தெரியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் எனக்கு வேலையில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள் போல.

உன் மகள் குட்டி, தனக்கும் இந்த நோய் வருமா என்று பரிசோதனை செய்துகொண்டாளா? அவளை வற்புறுத்தாதே. ஆனால் மறந்தும் போகாதே.

பேசாமலே பேசுகிற,
அக்கா


மார்ச் 2

அக்கா,

குட்டி இந்தப் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பார்க்கலாம்ப்பா" என்று காதில் எதையாவது மாட்டிக்கொள்கிறாள். இந்த வயதில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. படித்துவிட்டு உடனே திட்டாதே. நீயும் நானும் ஒரே ஆய்வில் இருக்கிறோம். மாத்திரை அச்சு அசல் ஒன்றேதான். உனக்கு மருந்தும் எனக்கு மாவுமாக இருக்கலாம், மாறியும் இருக்கலாம். ஒவ்வொரு மாதமும் என் ராத்திரி மாத்திரைகளை உனக்கு அனுப்புகிறேன். உன் ராத்திரி மாத்திரைகளை நீ எனக்கு அனுப்பு. காலையில் அவரவருடையது, ராத்திரி மற்றவருடையது. யாருக்கு மருந்து வந்திருந்தாலும் இருவருக்கும் பாதி கிடைக்கும். சின்ன வயதில் ஒரு மிட்டாயைக் கடித்துப் பிரித்த கூட்டம்தானே நாம்?

போனில் இதைப் பற்றி எழுதாதே. அவர்கள் கொடுத்த செயலி போனிலேயே உட்கார்ந்திருக்கிறது. எதை எதைப் பார்க்கிறதோ!

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

உனக்குக் காலில் நோயா, தலையில் நோயா?

நாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதை விடு. நாம் கலந்து தின்றால் நம்மிடமிருந்து அவர்கள் எதைத் தெரிந்துகொள்வார்கள்? பாதியும் பாதியும் சேர்ந்து இரண்டு பேருக்குமே ஒன்றும் ஆகாமல் போனால்? இது மிட்டாய் இல்லை. இந்தப் பேச்சை இத்தோடு விடு.

அக்கா


மார்ச் 17

அக்கா,

விடமாட்டேன். நான் மட்டும் தேறி எழுந்து நின்றுகொண்டு, நீ அப்பாவைப் போல ஒவ்வொன்றாக இழப்பதைப் பார்க்க என்னால் முடியாது. நீ சம்மதிக்காவிட்டால் நான் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயரை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். சும்மா சொல்கிறேன் என்று நினைக்காதே. அப்பா இறந்த பிறகு எனக்குக் குட்டியையும் உன்னையும் தவிர யார் இருக்கிறார்கள்? நீ போய்விட்டால் நான் யாரிடம் திட்டு வாங்குவது?

பாதி என்றால் பாதி. இல்லையென்றால் எனக்கு எதுவும் வேண்டாம்.

தம்பி


மார்ச் 25

என் பிடிவாதக்காரத் தம்பிக்கு,

ஐந்து வயதில் தரையில் புரண்டாய், ஐம்பதை நெருங்கியும் புரளுகிறாய். சரி. நீ ஜெயித்தாய்.

ஒரே ஒரு நிபந்தனை. முதலில் உன் கவர் எனக்கு வர வேண்டும். அது கைக்கு வந்த பிறகுதான் என் கவரை அனுப்புவேன். இரண்டும் ஒரே நேரத்தில் வழியில் தொலைந்தால் நாம் இருவரும் என்ன செய்வது? எப்போதும் நீ முதலில். இது பேரம் இல்லை, சொல்லிவிட்டேன்.

ஆய்வை விட்டு விலகும் பேச்சு இனி உன் வாயில் வரக் கூடாது. சத்தியம் செய்து எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

சத்தியம், சத்தியம், சத்தியம். போதுமா?

உன் கவர் வந்தது. மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நாக்கில் வைத்தும் பார்த்தேன். உன்னுடையதற்கும் என்னுடையதற்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை. கம்ப்யூட்டர் கெட்டிக்காரன்தான். ஆனால் அவனுக்கு நம் இரண்டு பேரைப் பற்றித் தெரியாது. நேற்று ராத்திரி உன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம்.

தம்பி


டிசம்பர் 11

அக்காவுக்கு,

நான் குழம்பிப் போயிருக்கிறேன். நல்ல விஷயத்தில் குழப்பம். மூன்று மாதமாகக் கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறுகிறேன். ஓட்டுநர் பள்ளியில் முதலாளி, "என்ன சார், நடை மாறியிருக்கு?" என்றார். புதுச் செருப்பு என்று சொல்லி வைத்தேன். பாதி மருந்தே என்னை இப்படி நிமிர்த்தியிருக்கிறது. உனக்கும் அதே பாதிதானே போகிறது? நீ ஏன் போன கடிதத்தில் தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறது என்று எழுதியிருந்தாய்? ஏன் ஒருவர் மேலே போக இன்னொருவர் கீழே போகிறோம்?

உனக்கு இன்னும் அதிகமாக வேண்டுமோ என்னவோ. காலை மாத்திரைகளையும் அனுப்பி வைக்கவா? எனக்குக் கால் வந்துவிட்டது, சில மாதம் தாங்குவேன்.

தம்பி


டிசம்பர் 19

தம்பி,

காலை மாத்திரை ஒன்றே ஒன்று என் வாசலுக்கு வந்தாலும் அன்றோடு நம் உறவு முடிந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. உனக்குக் காலில் தொடங்கியது, எனக்கு நாக்கில். அதனால் இருக்கலாம் என்கிறார்கள். எனக்கும் புரியவில்லை, நீயும் புரிந்துகொள்ளப் பார்க்காதே. உன் கால் தேறியதைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்றே அழுதேன். சந்தோஷத்தில்தான். முழுக்கச் சந்தோஷம் என்று சொன்னால் பொய்யாகிவிடும், ஆனால் பெரும்பங்கு அதுதான்.

இப்போது ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுகிறேன். கடைக்காரர் நான் காதும் கேட்காதவள் என்று நினைத்து அவரும் எழுதிக் காட்டுகிறார். அந்தப் பக்கம் எவ்வளவு எழுத்துப்பிழை!

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புத் தம்பிக்கு,

ஒன்றரை வருட ஆய்வு முடிந்தது. டாக்டரம்மா ரகசியத்தை உடைத்துச் சொன்னார். எனக்கு வந்தது மாவு. மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறதாம். மருந்து சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் நின்றிருக்கிறது, சிலருக்கு இழந்த தெம்பு கொஞ்சம் திரும்பியும் இருக்கிறது. மாவு சாப்பிட்ட எல்லோருக்கும் இனி உண்மையான மருந்தையே கொடுக்கிறார்கள். நானும் போன வாரம் தொடங்கிவிட்டேன். எனக்குப் போனது திரும்பாது, இருப்பது நிலைக்கும் என்றார். பேச்சு போனதுதான் போனது. கையும் கழுத்தும் மிச்சமிருக்கிறது, போதும்.

நீ எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உனக்கு மருந்துதான் வந்திருக்கும். உன் காலைப் பார்த்தாலே தெரிகிறதே.

அக்கா


செப்டம்பர் 5

அக்கா,

இன்று எங்கள் ஆஸ்பத்திரியிலும் ரகசியத்தை உடைத்தார்கள். எனக்கு வந்தது மருந்து. அப்போதே என் மூளை கணக்குப் போட்டது: என் ராத்திரி மாத்திரைகள் உன்னிடம் வந்தன, ஆக நீயும் பாதி மருந்து சாப்பிட்டிருக்கிறாய். அப்படியும் உனக்குத் தேறவில்லையே! இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று டாக்டரிடம் கேட்டேன்.

"டாக்டர், பாதி அளவு சாப்பிட்டா இவ்வளவு தேறுமா?"

"பாதியா? யார் பாதி சாப்பிட்டது?"

"நான்தான்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் எடுத்து வெச்ச ரத்தத்தை இப்பதான் பார்த்தோம். உங்க ரத்தத்துல முழு அளவு மருந்து இருக்கு சார். நீங்க கிட்டத்தட்ட ஒரு வேளைகூடத் தவறவிடல."

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. ராத்திரி நான் போட்டுக்கொண்டது நீ அனுப்பிய மாத்திரை. உன்னுடையது மாவு. என் ரத்தத்தில் முழு மருந்து. அப்படியென்றால் நீ அனுப்பியது உன்னுடையது இல்லை. என் கவர் முதலில் உனக்கு வர வேண்டும் என்றாயே! என் மாத்திரையையே கவர் மாற்றி எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். ஒவ்வொரு மாதமும்.

நான் சொல்வது தப்பு என்று எழுது. தயவுசெய்து தப்பு என்று எழுது.

தம்பி


செப்டம்பர் 14

தம்பிக்கு,

தப்பு இல்லை.

நீ பிடிவாதமாக ஆய்வை விட்டுப் போய்விடுவேன் என்றாய். போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். பாதி பாதி என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குட்டியை நினைத்தேன். நாளைக்கு அவளுக்கு இந்த மருந்து தேவைப்பட்டால், அதைப் பற்றிச் சொல்லும் செய்தி பொய்யில்லாமல் இருக்க வேண்டாமா? உன்னைப் போலவும் என்னைப் போலவும் எத்தனை பேர் கலந்து தின்றார்களோ என்று யாரும் சந்தேகப்படக் கூடாது. அதனால் உன்னைச் சமாதானப்படுத்த ஒரு கவர், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

என்னைத் தியாகி ஆக்கிவிடாதே. முதல் மாதத்தில் யாருக்கு மருந்து என்று எனக்கும் தெரியாது. எனக்கு மருந்து வந்திருந்தால், நீ பாதி கிடைக்கிறது என்று நம்பிக்கொண்டு முழு மாவையும் தின்றிருப்பாய். இன்று உன் கால் போயிருக்கும், நான் வாய் நிறையப் பேசிக்கொண்டிருப்பேன். இது தெரிந்தேதான் கவரை ஒட்டினேன். அப்படி ஆகியிருந்தால் உன் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று எத்தனையோ முறை யோசித்தேன்.

உன் கால் தேறியதாக எழுதியபோது உன்னிடம்தான் மருந்து என்று தெரிந்துவிட்டது. அந்த மாதம் உன் கவரைப் பிரித்து மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆசையில்லாமல் இல்லை. ரொம்ப ஆசை. எனக்கு என் குரல் வேண்டும்போல இருந்தது. பிறகு எடுத்து வேறு கவரில் போட்டேன். ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. செய்தது சரியா என்றும் தெரியவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

அக்கா


அக்டோபர் 20

தம்பி,

இன்னும் உன் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொள்கிறேன்.

புரையேறுவது குறைந்திருக்கிறது. நேற்று மதியம் ஒரு முழு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். சொல்லவேண்டும்போல இருந்தது, உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

அக்கா


நவம்பர் 8

ஒலிபெருக்கி அக்காவுக்கு,

எழுதாமல் இருந்தது தபாலின் தப்பு இல்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன் காலில் விழுந்தேன், இன்னொன்றில் உன்னோடு பேச்சே கிடையாது என்றேன். இரண்டும் உண்மையாக இருந்தது, அதுதான் தொல்லை.

டாக்டரிடம் கேட்டேன், அக்கா என் பாதியைச் சாப்பிட்டிருந்தால் அவள் குரல் போகாமல் இருந்திருக்குமா என்று. "பாதி அளவு யாருக்கும் கொடுத்துப் பார்க்கல. அதனால எனக்குத் தெரியாது" என்றார். இரண்டு பேரும் பிழைத்திருக்கலாம், இரண்டு பேரும் விழுந்திருக்கலாம். யாரும் எனக்கு இதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. படி ஏறும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது. காலுக்குத் தெம்பு வந்தது, மனசுக்கு வரவில்லை.

குட்டி தானாகவே போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தாள். அவளுக்கும் இருக்கிறது. அவள்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அறிகுறி தொடங்குவதற்கு முன்பே இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கப் புது ஆய்வு வருகிறதாம். அவளைச் சேர்த்துக்கொள்வார்கள். உன் கதையை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அத்தை செஞ்சது சரியாப்பா?" என்றாள். "தெரியலைடி" என்றேன். "எனக்கும் தெரியலை" என்றாள். "எனக்கு வர்ற மாத்திரையை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன், நீங்களும் எனக்கு எதையும் கொடுக்காதீங்க" என்றும் சொன்னாள். நம் வீட்டில் உன்னைப் போல் இன்னொருத்தி வந்திருக்கிறாளே.

நீ செய்தது சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்றால், என்னைப் பிழைக்க வைத்தவளை மன்னிக்க நான் யார்? கோபம் மட்டும் இருக்கிறது. என் பள்ளியில் நான் செய்வதையே நீ எனக்குச் செய்திருக்கிறாய், அதனால் இருக்கலாம். என் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நீ சத்தமில்லாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறாய். அந்த அம்மாவிடம் "பிரமாதம்மா" என்று சொன்னவன் நான். அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஓட்டுநர் பள்ளி வண்டியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன், நானே ஓட்டிக்கொண்டு வருவேன். உன்னை ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போகிறேன். நிலையத்துப் பக்கம் போவோம், மேலேயிருந்து நீ பேசுவதை இருவரும் கேட்போம். நீ என் பக்கத்தில் உட்கார். இரண்டாவது பிரேக் உன் காலடியில் இருக்கும்.

எப்போது வேண்டுமானாலும் மிதி. ஆனால் எனக்குச் சொல்லிவிட்டு மிதி. வாயால் சொல்ல முடியாவிட்டால் என் தோளில் ஒரு தட்டு தட்டு, அக்கா. நான் நிறுத்திவிடுவேன்.

உன் தம்பி பிரேக்கு